பீரங்கிப் பட்டறையில் ஒரு பப்: வுலிச் ராணுவக் கிடங்குகளுக்கு என்ன ஆயிற்று?

ஆர்சனல் கால்பந்து அணியின் பிறப்பிடத்தைப் பார்க்க வேண்டும் என்று லண்டன் போகிற ரசிகர்கள் கடைசியில் ஒரு பப் வாசலில் போய் நிற்கிறார்கள். தென்கிழக்கு லண்டனில் தேம்ஸ் ஆற்றை ஒட்டிய வுலிச் பகுதி அது. பழைய செங்கல் முகப்பு, நடுவில் ஒரு வளைவு வாசல், அங்கேயே ஒரு சூரியக் கடிகாரம். உள்ளே பீர் குழாய்கள், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் குழந்தைகளோடு வந்திருக்கும் குடும்பங்கள், ஆட்டம் இருக்கும் நாளில் நல்ல கூட்டம். பப்பின் பெயர் டயல் ஆர்ச். 2010 முதல் யங்ஸ் நிறுவனம் அதை நடத்துகிறது.

இந்தப் பப்பின் படம் இணையத்தில் வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கூடவே வருகின்றன. ராணுவம் பீரங்கி செய்து அடுக்கி வைத்த இடத்தை எப்படிக் குடிக்கிற இடமாக்க விட்டார்கள்? அருங்காட்சியகமாக வைத்திருக்கக் கூடாதா? கோபத்தோடு கேட்டாலும் நியாயமான கேள்விகள்தான். பதில் கிடைக்க வேண்டுமென்றால் அந்த வளாகம் எப்படி உருவானது, ராணுவம் போன பிறகு அங்கே என்ன நடந்தது, சட்டம் எதை அனுமதிக்கிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

வளாகம் எப்படித் தொடங்கியது

வுலிச்சில் முதலில் வந்தது கப்பல் கட்டும் தளம். எட்டாம் ஹென்றி தன் பெரிய போர்க்கப்பலுக்காக 1512-ல் அதைத் தொடங்கினார். கப்பல் இருந்தால் அதற்குப் பீரங்கி வேண்டும், பீரங்கிகளை வைக்க இடம் வேண்டும். 1671-ல் அரசு அங்கே டவர் பிளேஸ் என்ற மாளிகையையும் அதைச் சேர்ந்த 31 ஏக்கர் நிலத்தையும் வாங்கியது. அந்த நிலத்துக்கு வாரன் என்று பெயர். ஆகவே அந்த இடம் பிறந்ததே ஒரு ராணுவக் கிடங்காகத்தான். தொழிற்சாலை பிறகு வந்து சேர்ந்தது.

1690-களில் தோட்டா, திரி போன்றவற்றைத் தயாரிக்கும் பிரிவு வந்தது. பீரங்கி வார்ப்பு வந்ததற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1716 மே மாதம் லண்டன் மூர்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு தனியார் வார்ப்பாலையில் உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றினார்கள். அச்சு சரியாகக் காயவில்லை. ஈரம் ஒரே நொடியில் நீராவியாகி அச்சை வெடிக்கச் செய்தது, 17 பேர் இறந்தார்கள். இனி வெண்கலப் பீரங்கி வார்க்கும் வேலையைத் தனியாரிடம் விட வேண்டாம் என்று அரசு முடிவு செய்து, அடுத்த ஆண்டே வுலிச்சில் தன் சொந்த வார்ப்பாலையைக் கட்டியது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

வார்த்த பீரங்கி உடனே போருக்குப் போய்விடாது. அதைக் கடைய வேண்டும், தேய்க்க வேண்டும், முத்திரை பொறிக்க வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும். இந்த வேலைகளுக்கான பட்டறைகளும் கிடங்குகளும் ஒரு முற்றத்தைச் சுற்றி 1717 முதல் 1720 வரை கட்டப்பட்டன. 1764-ல் வாசலில் சூரியக் கடிகாரம் வைத்த பிறகு அந்த முற்றத்துக்கு டயல் சதுக்கம் என்ற பெயர் நிலைத்தது. இன்றைய பப் இருப்பது அந்தத் தொகுதியில் எஞ்சிய முன்பகுதியில்தான். பின்னால் இருந்தவை காலப்போக்கில் போய்விட்டன.

வாரனில் 1741-ல் ராணுவக் கல்லூரி தொடங்கியது. 1809-ல் அடிஸ்கோம்பில் தனக்கென்று ஒரு பள்ளி தொடங்கும் வரை கிழக்கிந்தியக் கம்பெனி தன் பீரங்கிப்படை மாணவர்களை இந்தக் கல்லூரிக்கும் அனுப்பியது. 1805-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வளாகத்துக்கு ராயல் ஆர்சனல் என்று பெயர் வைத்தார். அப்புறம் நெப்போலியன் போர்க்காலத்தில் ஆற்றங்கரையில் பெருங்கிடங்கு ஒன்று எழுந்தது. சதுப்பு நிலத்தில் எழுப்பியதால் அதன் அடித்தளம் ஆரம்பத்திலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. முதல் உலகப் போரின் உச்சத்தில் வளாகம் கிட்டத்தட்ட 1,300 ஏக்கர் வரை விரிந்திருந்தது. சுமார் 80,000 பேர் அங்கே வேலை செய்தார்கள், அவர்களில் பல்லாயிரம் பேர் பெண்கள்.

கால்பந்து அணி இந்தக் கதையின் ஒரு கிளை. 1886-ல் டயல் சதுக்கத் தொழிலாளர்கள் டேவிட் டான்ஸ்கின் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் முயற்சியில் ஓர் அணி சேர்த்தார்கள். அணிக்கும் டயல் சதுக்கம் என்றே பெயர். அந்த ஆண்டு டிசம்பர் 11-ல் ஆடிய முதல் ஆட்டத்தில் ஈஸ்டர்ன் வாண்டரர்ஸ் அணியை 6-0 என்று வென்றார்கள். கொஞ்ச நாளிலேயே பெயர் ராயல் ஆர்சனல் ஆனது, 1893-ல் வுலிச் ஆர்சனல். 1913-ல் அணி வட லண்டனில் ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது. சின்னத்தில் இருக்கும் பீரங்கி மட்டும் கூடவே போனது.

எல்லா ராணுவக் கிடங்கும் பப் ஆகிவிடாது

'கிடங்கு' என்று பொதுவாகச் சொன்னாலும், ராணுவத்தில் எதை வைக்கக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்துக் கட்டடம் முற்றிலும் மாறும். மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. வெடிமருந்துக் கிடங்கு. தடித்த சுவர், சிறிய துளைகள், ஊரை விட்டுத் தள்ளிய இடம். உள்ளே வெளிச்சம் கிடையாது, சுவரை உடைத்து ஜன்னல் வைத்தால் கட்டடத்தின் அடையாளமே போய்விடும். லண்டன் பகுதியின் வெடிமருந்தை 18-ஆம் நூற்றாண்டில் கிரீனிச்சில் இருந்து ஆற்றின் மறுகரையில், இன்னும் கிழக்கே இருக்கும் பர்ஃப்ளீட்டுக்கு மாற்றினார்கள். குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் அது இருப்பது ஆபத்து என்பதே காரணம்.

2. பீரங்கி, வண்டி, தளவாடக் கிடங்கும் பட்டறையும். இங்கே கதை வேறு. பீரங்கி வண்டி நுழைய அகலமான வாசல் வேண்டும், கைவேலை செய்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் ஜன்னல்கள் பெரியவை. டன் கணக்கில் எடை தாங்கத் தரை கெட்டியாக இருக்கும். உயரமான கூரை, நடுவே தடுப்பு குறைந்த நீளமான அறைகள். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குத் தேவையானது ஏறக்குறைய இதேதான்.

3. உணவுக் கிடங்கு. கடற்படைக்கு மாவு, பிஸ்கட், இறைச்சி, பீர் எல்லாம் சேர்த்து வைத்த இடங்கள். பெரும்பாலும் கப்பல் துறையை ஒட்டி இருக்கும்.

டயல் சதுக்கம் இரண்டாவது வகை. மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம் பிளிமத் நகரின் ராயல் வில்லியம் யார்ட். 1820-களிலும் 30-களிலும் ஜான் ரென்னி வடிவமைத்த சுண்ணாம்புக்கல் வளாகம் அது. கடற்படைக்குப் பீர் காய்ச்சவே அங்கே தனிக் கட்டடம் கட்டினார்கள். ஆனால் 1831-ல் மாலுமிகளுக்குப் பீர் பங்கு கொடுப்பது நிறுத்தப்பட்டதால் அந்தக் கட்டடத்தில் கடைசி வரை பீர் காய்ச்சவே இல்லை. 1992-ல் கடற்படை வெளியேறியது. இப்போது அந்த வளாகத்தில் உணவகங்களும் மதுக்கூடங்களும் நிறைந்திருக்கின்றன.

இன்னும் பழையது சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் உள்ளது. 1487-ல் கட்டிய நகர ஆயுதக் கிடங்கு 1920-களில் பெரிய பீர்க்கூடமாக மாறியது. சொய்க்ஹவுஸ்கெல்லர் என்று பெயர். சுமார் நூறு ஆண்டுகளாக அது நடக்கிறது, அதைப் பார்த்து இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை. வுலிச்சில் நடந்தது திடீர் நாகரிகம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ராணுவம் போன பிறகு கட்டடத்தை எது காப்பாற்றும்?

வுலிச்சில் ஆயுதத் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. கிழக்குப் பக்க நிலத்தின் பெரும்பகுதி தேம்ஸ்மீட் என்ற புதிய குடியிருப்பு நகருக்குப் போனது. பழைய மையப்பகுதி பாதுகாப்புத் துறையிடமே இருந்து, 1994-ல்தான் முழுக்கக் கைவிடப்பட்டது. 300 ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுமக்கள் நுழைய முடியாத மதிலுக்குள் இருந்த இடம் அது. வுலிச்சில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே, அங்கே வேலை கிடைத்தால் ஒழிய, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

வெற்றுக் கட்டடம் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கூரையில் நாலு ஓடு விலகினால் போதும். மழை இறங்கி மரச்சட்டம் உளுக்கும். கணப்பு எரியாத அறையில் ஈரம் தங்கும், செங்கலுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புச் சாந்து உதிரும். வடிகாலில் இலை அடைத்தால் எடுக்க ஆள் இருக்காது. தினமும் ஒருவர் கதவைத் திறந்து, விளக்குப் போட்டு, ஒழுகலைப் பார்த்து உடனே ஆள் கூப்பிடும் கட்டடம்தான் நிலைக்கும். அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் ஒரு முறை கிடைக்கும் மானியமாக இருந்தால் போதாது, மாதா மாதம் வர வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது அருங்காட்சியகத்துக்கு, வருவோம். அந்த வளாகத்தில் அருங்காட்சியகம் இருந்தது. ஃபயர்பவர் என்ற பெயரில் பீரங்கிப்படையின் அருங்காட்சியகம் 2001-ல், அதே ஆர்சனலின் பழைய கட்டடங்களில் திறக்கப்பட்டது. ஏராளமான பீரங்கிகள், நல்ல சேகரிப்பு. 2016-ல் அதை மூடிவிட்டார்கள். பார்வையாளர்கள் போதவில்லை. சேகரிப்பு வில்ட்ஷருக்குப் போனது. உள்ளூர் வரலாற்றைச் சொன்ன கிரீனிச் பாரம்பரிய மையமும் அதே வளாகத்தில் இருந்து 2018-ல் மூடப்பட்டது. பப்போ 2010 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பார்த்து 'மக்களுக்கு வரலாறு வேண்டாம், பீர்தான் வேண்டும்' என்ற முடிவுக்கு வருவது தவறு. என் கணிப்பில் காரணங்கள் வேறு. கட்டண அருங்காட்சியகத்துக்கு ஒரு குடும்பம் ஒரு முறை வரும், அப்புறம் விருந்தாளி வந்தால் வரும். பீரங்கிப்படை என்ற ஒற்றைப் பொருளுக்கு ஆர்வலர் வட்டம் சிறியது. மத்திய லண்டனில் பல பெரிய அருங்காட்சியகங்களை இலவசமாகவே பார்க்க முடியும்போது, பயணச் செலவும் கட்டணமும் கொடுத்து வுலிச் வரை வர வலுவான காரணம் வேண்டும். விரைவு ரயிலான எலிசபெத் பாதையின் வுலிச் நிலையம் 2022 மே மாதம்தான் திறந்தது. ஃபயர்பவர் மூடி ஆறு ஆண்டுகள் கழித்து!

பப் அப்படி இல்லை. நம் ஊரில் மதுக்கடை என்றதும் மனதில் வரும் சித்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். பிரிட்டிஷ் பப் பாதி உணவகம், பாதி ஊர்த் திண்ணை. காபி குடித்துவிட்டுப் போகலாம், குழந்தைகளுக்கு உணவுப் பட்டியல் இருக்கும், நாயைக் கூட்டி வருபவர்களும் உண்டு. ஒரே ஆள் வருடத்தில் ஐம்பது முறை வருவார். நுழைய டிக்கெட் கிடையாது. மூன்று நூற்றாண்டு பூட்டிக்கிடந்த ராணுவ மதிலுக்குள் யார் வேண்டுமானாலும் எதுவும் கொடுக்காமல் காலை வைக்கலாம் என்ற மாற்றம் சிறியதல்ல. ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பெருங்கிடங்கு இப்போது அடுக்குமாடி வீடுகள். அதன் வெளிச்சுவரை எல்லோரும் பார்க்கலாம், உள்ளே போக வீட்டுக்காரர் கூப்பிட வேண்டும். டயல் சதுக்கத்தில் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பழைய கட்டடத்தை மறுபயன்பாட்டுக்குக் கொடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

'எப்படி விட்டார்கள்?' என்ற முதல் கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு பழைய கட்டடம் பப் ஆக மூன்று தனித்தனி வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒன்றில் கிடைத்த அனுமதி இன்னொன்றுக்குச் செல்லாது.

1. பாரம்பரியப் பட்டியல். வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களை அரசு மூன்று தரமாகப் பட்டியலிடுகிறது: முதல் தரம், இரண்டாம் தரத்தின் உயர்பிரிவு, இரண்டாம் தரம். பட்டியலில் உள்ளவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இரண்டாம் தரம்தான். பட்டியலில் ஏறிய கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், அது உட்புறமாக இருந்தாலும், முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். மீறினால் அது குற்ற வழக்கு, சிறைத் தண்டனை வரை போகும். இப்போது நடைமுறையில் உள்ளது 1990-ஆம் ஆண்டுச் சட்டம்.

2. திட்ட அனுமதி. கட்டடத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை உள்ளாட்சி மன்றம் ஏற்க வேண்டும். தொழிற்கூடத்தை உணவகமாக்குவது பயன்பாட்டு மாற்றம். வாகன நிறுத்தம், சமையலறைப் புகை, அண்டை வீடுகள் எல்லாம் இங்கேதான் பேசப்படும்.

3. மது உரிமம். 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி இதையும் உள்ளாட்சி மன்றமே தருகிறது. மன்றம் பார்க்க வேண்டிய நோக்கங்கள் நான்கு: குற்றமும் ஒழுங்கின்மையும் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, தொந்தரவு தடுப்பது, குழந்தைகளைப் பாதுகாப்பது. அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம்.

இதில் முதல் வாசல்தான் கட்டடத்தின் முகத்தைத் தீர்மானிக்கிறது. நடைமுறையில் மோதல் வருவது பெரிய விஷயங்களில் அல்ல, சமையலறைக் குழாயில்தான். பெரிய சமையலறை என்றால் எண்ணெய்ப் புகையை வெளியேற்றப் பெரிய குழாய் வேண்டும். அதை 300 ஆண்டுப் பழைய முகப்பில் ஓட்டை போட்டு விட முடியாது. பின்பக்கமாகவோ, பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய பகுதி வழியாகவோ கூரைக்கு ஏற்ற வேண்டும். கழிவறை, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், தீ விபத்தின்போது வெளியேறும் வழி, பீர் வைக்கும் குளிர் அறை என்று ஒவ்வொன்றும் இதே பிரச்சினைதான். பீப்பாயிலேயே முதிரும் வகைப் பீருக்கு அறை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தடித்த செங்கல் சுவர் இதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: சாந்து. அந்தக் காலச் செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. உள்ளே புகும் ஈரத்தைச் சாந்து வெளியே விட்டுவிடும். சிமெண்ட் வைத்துப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கலுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, செங்கல் முகம் உரிந்து விழும். நல்ல எண்ணத்தோடு செய்த சிமெண்ட் பூச்சால் கெட்ட பழைய கட்டடங்கள் எத்தனையோ. ஒப்புதல் தரும் அதிகாரி சாந்தின் கலவை வரை கேட்பது இதனால்தான்.

இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

பப் தனியாக வரவில்லை. ராயல் ஆர்சனல் நிலத்தில் பெர்க்லி ஹோம்ஸ் நிறுவனம் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டுகிறது. வுலிச் ரயில் நிலையத்தின் நிலத்தடிக் கூட்டைக் கட்டியதிலும் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. பழைய கட்டடங்களைச் செப்பனிடும் செலவு இந்த வீடுகளின் விலையோடு பிணைந்திருக்கிறது. பப்பும் கடைகளும் வீடு வாங்க வருபவர்களை இழுக்கும் காந்தமாகவும் வேலை செய்கின்றன. ஆர்சனலில் வேலை பார்த்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் அந்த வீடுகள் பெரும்பாலும் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பழைய வுலிச் சந்தை, இந்தப் பக்கம் ஆற்றங்கரை அடுக்குமாடிகள். நடந்து கடக்க ரெண்டு நிமிடம் ஆகும், ஆனால் இரு பக்கமும் வேறு வேறு ஊர் போலத் தெரியும். பப்பை மட்டும் பழிப்பது நியாயமில்லை. அதே சமயம் இந்தப் பிளவைச் சொல்லாமல் அந்தப் பப்பைக் கொண்டாடுவதும் சரியில்லை.

நினைவு பற்றிய கவலையும் உண்மையானது. அங்கே செய்தவை உலகின் பல மூலைகளில் மனிதர்களைக் கொன்ற கருவிகள். போர்க்காலத்தில் வெடிபொருளைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளாக மாறியது. 1776 முதல் பல பத்தாண்டுகள் ஆற்றில் நிறுத்திய சிறைக்கப்பல்களில் இருந்து கைதிகளைக் கொண்டுவந்து இங்கே வேலை வாங்கினார்கள். பப்பின் சுவரில் மாட்டும் படங்கள் இதையெல்லாம் சொல்லிவிடாது. கால்பந்துக் கதை இனிமையானது, எளிதில் விற்கும். மற்றவை அப்படியல்ல. அருங்காட்சியகமும் பாரம்பரிய மையமும் மூடியதில் உண்மையான இழப்பு இதுதான். 2021-ல் பழைய கட்டடங்களில் திறந்த வுலிச் ஒர்க்ஸ் என்ற கலைக்கூடம் இசைக்கும் நாடகத்துக்கும் நல்ல இடம். அது வரலாற்றுக் கூடத்துக்கு மாற்று ஆகாது.

அடுத்து வரும் சிக்கல்: சத்தமும் மூடலும்

பப்பைச் சுற்றி வீடுகள் வந்தால் புகார் வரும். இரவு பத்தரைக்குச் சிரிப்புச் சத்தம், காலையில் பீப்பாய் இறக்கும் சத்தம். இதற்கு இங்கிலாந்தின் திட்டக் கொள்கை 2018-ல் ஒரு விதியைத் தெளிவாக எழுதியது. ஏற்கெனவே இயங்கும் பப்புக்கோ இசைக்கூடத்துக்கோ பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவர்தான் ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு. முன்பே இருந்தவர் மேல் இதற்காக நியாயமில்லாத கட்டுப்பாடு போடக் கூடாது. பப்புகளுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பப் இஷ்டப்படி நடக்கலாம் என்று அர்த்தம் இல்லை, உரிம நிபந்தனையை மீறினால் உரிமம் மறுபரிசீலனைக்கு வரும்.

வியாபாரம் படுத்தால்? 2017 முதல் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ கடையாகவோ வீடாகவோ மாற்றவோ முழுத் திட்ட அனுமதி வேண்டும். அதற்கு முன் பல மாற்றங்களை அனுமதி கேட்காமலே செய்ய முடிந்தது, நிறைய பப்புகள் அப்படித்தான் போயின. அதோடு 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி ஊர்க்காரர்கள் ஒரு பப்பைச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்யக் கேட்கலாம். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். அந்தக் காலத்தில் உரிமையாளர் விற்க முனைந்து, ஊர்க்குழு ஒன்று தாங்களும் வாங்க முயல்வதாக உரிய நேரத்தில் எழுதிக் கொடுத்தால், ஆறு மாதம் விற்பனையை நிறுத்தி வைத்து அவர்களுக்குப் பணம் திரட்ட அவகாசம் தர வேண்டும். அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.